நாய் ஏன் மலத்தைத் தின்கிறது? திட்டுவதற்கு முன் இதைக் கவனிங்க!

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது எதைத் தின்னப் போகும் என்று ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி உண்டே, அதை எங்க வீட்டு லேப்ரடார் டாமி தினமும் நிரூபித்துக்கொண்டிருந்தான். மொட்டை மாடியில் ஆய் போவான், திரும்பி ஒரு முறை மோந்து பார்ப்பான். நாம ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாதி காலி. அப்புறம் பாசமாக வந்து நம்ம முகத்தை நக்குவான்!

நாய் வளர்க்கும் பலரும் வெளியே சொல்லத் தயங்கும் இந்தப் பழக்கத்துக்கு மருத்துவப் பெயர் 'கோப்ரோஃபேஜியா'. "சாப்பாட்டில் சத்து பத்தலை" என்பதுதான் அக்கம்பக்கத்தில் உடனே கிடைக்கும் பதில். ஆனால், அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. நாய் வளர்க்கும் ஏறக்குறைய 3,000 பேரிடம் நடத்திய இணையவழிக் கணக்கெடுப்பில், 16 சதவீத நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை. என்ன உணவு போடுகிறோம், நாய்க்கு என்ன வயது என்பதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. அவசர அவசரமாக அள்ளி விழுங்கும் நாய்களிடமும், ஒன்றுக்கு மேல் நாய்கள் இருக்கும் வீடுகளிலும்தான் இது அதிகம்.

இன்னொரு சுவாரஸ்யம், அவை தின்றதில் பெரும்பகுதி 2 நாளுக்குள் போட்ட மலம். பல குடற்புழுக்களின் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது. முதிர்ச்சியடையச் சில நாள்களாவது ஆகும். அதற்குள் தின்று குகையைச் சுத்தமாக வைத்துக்கொண்ட ஓநாய் மூதாதைகளின் மிச்சப் பழக்கமாக இது இருக்கலாம் என்பது ஹார்ட் குழுவின் ஊகம்.

வயிற்றுக்கு என்ன ஆகும்?

தன்னுடைய மலத்தையே தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வாய் நாறும். தெருவில் கிடப்பதைத் தின்பதுதான் ஆபத்து. ஜியார்டியா, பார்வோ போன்ற கிருமிகள் 2 நாளெல்லாம் காத்திருக்காது. பழைய மலத்தில் உருண்டைப் புழு, கொக்கிப் புழு தொற்றும் தயாராக இருக்கும். வாந்தியும் பேதியும் வந்தால், தடுப்பூசி முடியாத குட்டிக்குப் பார்வோ உயிருக்கே உலை வைத்துவிடும். ஆட்டுப் புழுக்கை தின்ற நாயின் மலத்தைப் பரிசோதித்தால், ஆட்டுக்குள் இருந்த புழு முட்டைகள்கூட அதில் தெரியும். நாய்க்கு நோயே இருக்காது! அதனால், அது எதைத் தின்றது என்பதையும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்க.

உண்மையில் பயப்பட வேண்டியது இதன் தலைகீழ்க் கதை. சில நாய்களுக்கு மலம் தின்பதால் செரிமானம் கெடுவதில்லை. செரிமானம் கெட்டதால்தான் மலம் தின்கின்றன. தோழி ஒருத்தி தன் ஜெர்மன் ஷெப்பர்டை மாசக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தாள். தட்டு நிறையச் சாப்பிடும், ஆனாலும் விலா எலும்பு தெரியும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, குவியலாகப் போகும். ரத்தப் பரிசோதனையில்தான், கணையம் செரிமான நொதிகளைப் போதுமான அளவு சுரக்கவில்லை என்று தெரிந்தது. இந்த இனத்தில் அதிகம் காணப்படும் குறைபாடு இது. சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வெளியேறும், பசி அடங்காது. பாதி செரித்த மலம் அதற்கு இன்னொரு சாப்பாடு மாதிரிதான். உணவில் நொதிப் பொடி கலந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு எடை ஏறியது. ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

வளர்ந்த நாய் திடீரென இதை ஆரம்பித்தாலோ, கூடவே இளைத்தாலோ, கால்நடை மருத்துவரிடம் போங்க. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாய்க்கும் அகோரப் பசி வரும் என்பதால், மருந்து விவரத்தையும் சொல்லுங்க.

பழக்கத்தை நிறுத்தவென்றே விற்கும் பவுடர், மாத்திரைகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அதே கணக்கெடுப்பில் அவை பலித்தது அதிகபட்சம் 2 சதவீதம் பேருக்குத்தான். அடிப்பதும் உதவாது, நாம வருவதற்குள் இன்னும் வேகமாக விழுங்கத்தான் கற்றுக்கொள்ளும். போட்ட உடனே அள்ளுவது, வெளியே போனால் கயிறு, "விடு" என்றதும் விட்டால் கையில் ஒரு பிஸ்கட் துண்டு. டாமிக்கு இப்போது இதுதான். கவரோடு நான் ஓட, அவனும் ஓட, சில நாள் அவன்தான் ஜெயிக்கிறான்.