ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் உங்களுக்கு லாபமா? ஒரு சமன்பாடு போதும்!

தர்மபுரியில வேலை, சேலத்துல வீடா? தொப்பூர் கணவாய் இறங்குற என்.எச். 44-ல, பாளையம் டோலைத் தாண்டும்போதெல்லாம் ஃபாஸ்டேக்ல பணம் போகும். 2025 ஆகஸ்ட் 15-ல வருடாந்திர பாஸ் அறிமுகமானப்போ விலை 3,000 ரூபாய். 200 தடவை டோலைக் கடக்கலாம், இல்லைன்னா ஒரு வருஷம். எது முதல்ல முடியுதோ, அதோட பாஸ் முடிஞ்சுடும். வாங்கினா பணம் திரும்பக் கிடைக்காது. அதனால முதல்ல கணக்கு போடுங்க.

ஸ்கூல்ல படிச்ச ஒருபடிச் சமன்பாடுதான். தெரியாததை எக்ஸ்னு வைங்க. இங்கே எக்ஸ் = எத்தனை தடவை போய் வந்தா பாஸ் காசு ஈடாகும்? ஒரு தடவை கடக்க 100 ரூபாய்னு கணக்குக்காக வச்சுக்குவோம்.

வெள்ளி போய், ஞாயிறு திரும்பினா: போக 100, வர 100.
200 × எக்ஸ் = 3,000. எக்ஸ் = 15.

24 மணி நேரத்துக்குள்ள திரும்பினா: ரெண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம்.
150 × எக்ஸ் = 3,000. எக்ஸ் = 20.

வழியில இதே கட்டணத்துல 3 டோல் இருந்தா (வெள்ளி–ஞாயிறு):
600 × எக்ஸ் = 3,000. எக்ஸ் = 5.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போறவங்களுக்கு, ஒரே டோல்னா பாஸ் தேவையில்லை. மாசம் ரெண்டு தடவை போறவங்களுக்கு லாபம்.

தினமும் போறவங்க கவனிங்க

போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு 2 எண்ணிக்கை கழியும். மாசம் 22 வேலை நாள்னா 44.
44 × எக்ஸ் = 200. எக்ஸ் = சுமார் 4.5 மாசம்.

பேருதான் "வருடாந்திர" பாஸ். உங்களுக்கு அது நாலரை மாச பாஸ். அப்பவும் லாபம்தான், பாஸ் இல்லாம மாசத்துக்கே 3,300 ரூபாய் ஆகும். ஆனா வருஷ பட்ஜெட்ல 3,000-னு எழுதாதீங்க. 3 பாஸ் தேவைப்படும், 9,000 ஒதுக்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி

- கடைசி 3 மாச ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க. 100-க்குப் பதிலா உங்க டோல் கட்டணத்தைப் போடுங்க.
- இன்னைக்கு பாஸ் விலை என்னன்னு ராஜ்மார்க் யாத்ரா ஆப்ல பாருங்க.
- தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவுச்சாலை டோல்களை மட்டும் எண்ணுங்க. மாநில நெடுஞ்சாலை டோல்ல இந்த பாஸ் செல்லாது.
- சொந்த உபயோக கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். வேற வண்டிக்கு மாத்த முடியாது.

உங்க எக்ஸைவிட உங்க பயணம் அதிகமா இருந்தா வாங்குங்க. குறைவா இருந்தா அந்த 3,000 அக்கவுன்ட்லயே இருக்கட்டும்.