72-இல் மடியும் வரி

அரியலூர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலை உள்ள ஊர் ரெட்டிபாளையம். அந்தப் பெயரை மின்னஞ்சலில் அடித்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடுக்கோ 13 குறிகள்: கொம்பு, கால், புள்ளி எல்லாம் அங்கே தனித்தனி. யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 39 பைட். வரியை மடிக்கச் சொன்னால் எடிட்டர் இதில் எதை எண்ணும் என்பதில்தான் சிக்கல்.

ஆங்கிலத்துக்கு இந்தக் குழப்பமே கிடையாது. 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். பிறகு வந்த கணினித் திரைகளும் அதே அகலத்தில் நின்றன. மின்னஞ்சல் விதியான ஆர்எஃப்சி 5322, வரிக்கு 78 எழுத்தே நல்லது, 998-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. பழக்கத்தில் 72 வைப்பார்கள். பதில் எழுதும்போது பழைய வரிகளின் முன்னால் '>' குறியும் ஓர் இடைவெளியும் சேருமே, நாலு சுற்றுப் பதிலுக்கு, 80-இல் மிஞ்சும் 8 இடம் சரியாக இருக்கும்.

விம் எடிட்டரில் இதற்கு 'டெக்ஸ்ட்வித்' என்ற அமைப்பு உண்டு. கோப்பு மின்னஞ்சல் வகை என்று தெரிந்தால் அதுவே 72 வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே எழுதிய பத்தி கோணலாக இருந்தால் ஜி, கியூ, ஏ, பி என்று வரிசையாகத் தட்டினால் நேராகிவிடும். ஈமாக்ஸ் எடிட்டரில் இதே வேலைக்கு 'ஆட்டோ ஃபில்'. அதன் வழக்கமான அளவு 70.

ஆனால் இந்த மடிப்பு நிஜமானது. வரி முடிவில் என்டர் தட்டியதுபோல் ஒரு குறி உட்கார்ந்துவிடும். கைபேசியின் குறுகிய திரையில் அதே கடிதத்தைத் திறந்தால் ஒரு முழு வரி, அடுத்து இரண்டே சொல், மறுபடி முழு வரி என்று பல் விழுந்த சீப்பாகத் தெரியும். 'ஃபார்மட் ஃப்ளோட்' என்ற முறையில் வரிக்கடைசியில் ஓர் இடைவெளி விட்டால், பெறும் நிரல் வரிகளைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். எல்லா நிரலும் அதை மதிப்பதில்லை.

என்னைக் கேட்டால், தமிழ்க் கடிதத்துக்கு நிஜ மடிப்பே வேண்டாம். விம்மில் 'ராப்', 'லைன்பிரேக்' அமைப்புகள் இரண்டையும் போட்டால் திரையில் மட்டும் சொல் உடையாமல் மடியும். நிஜ மடிப்பை நிறுத்தப் பொதுவாக டெக்ஸ்ட்வித் 0 என்று எழுதினால் போதாது. மின்னஞ்சலைக் கண்டதும் 72 திரும்ப வந்துவிடும். மின்னஞ்சல் வகைக்கென்று தனியாக, 'ஃபைல்டைப் பிளகின் ஆன்' வரிக்குக் கீழே ஓர் 'ஆட்டோகமாண்ட்' எழுதி 0 வையுங்கள். 998 வரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பேஸ்64-ஆக மாற்றி அனுப்பும் நிரல் 76 எழுத்துக்கு ஒருமுறை தானே வெட்டிக்கொள்ளும். அதில் ரெட்டிபாளையம் மட்டும் 52 எழுத்து.