கல்லூரி இடத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்...

வணிகப் பெருமக்களே! பிளஸ் டூ முடிவு வந்ததும், "இடம் வாங்கித் தருகிறோம்" என்று தரகர்கள் கடைக்கே வருகிறார்கள். கொள்முதல் பணத்தை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பொறியியல் படிப்புக்கு அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு இருக்கிறது. கணிதத்தை 100க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50க்கும் கணக்கிட்டு, 200க்குத் தரவரிசை போடுகிறார்கள். 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகவே பார்ப்பார்கள். ஆகவே பிள்ளை விரும்பும் கல்லூரியை, கிடைக்காது என்று நினைத்துக் கீழே தள்ளாதீர்கள்.

வீட்டில் பட்டதாரி எவரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது போய்விடும்.

சரக்கைப் பார்க்காமல் நாம் முன்பணம் தருவதில்லை. பிள்ளைகள் படிப்பிலும் அதே நிதானம் வேண்டும்.