பழைய வீட்டுக்கு விருந்தாளியே காவல்

தரங்கம்பாடியைப் பலர் காரைக்காலுக்கோ பூம்புகாருக்கோ போகிற வழியில் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் அது குடும்பத்தோடு ஒரு பழைய வீட்டில் இரண்டு இரவு தங்கிப் பார்க்க வேண்டிய ஊர். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620இல் டேனியர் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1706இல் வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இங்கேதான். 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இன்றும் நிற்கிறது. எல்லாம் பிள்ளைகளும் நடந்தே போகக்கூடிய தூரம். வெயில் ஏறுமுன்னும் தாழ்ந்த பின்னும் நடந்தால்தான் சுகம். அந்த இரண்டு வேளையும் அங்கே தங்குகிறவருக்கே வாய்க்கும்.

தங்குவது வீட்டுக்கும் நல்லது. கடலோர வீட்டின் முதல் எதிரி உப்பும் ஈரமும். சுண்ணாம்புச் சாந்து உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பொரிந்து செங்கல் உதிரும். எனவே இந்த வீடுகளுக்கு ஒருமுறை செலவழித்தால் போதாது. வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் விரிசலை அடைக்கவும் ஓயாமல் ஆள் வேண்டும். பூட்டிய வீட்டில் கூரை ஒழுகுவது, விட்டம் இற்ற பிறகே தெரியவரும். ஆள் புழங்கும் வீட்டில் மறுநாளே தெரியும்; அறை வாடகை கொத்தனார் கூலிக்கும் உதவும்.

பாரம்பரிய விடுதி என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்பார்கள். விடுதியாக மாறிய ஆங்கிலேயர் காலக் கடற்கரை பங்களா போன்றவற்றுக்கு அது பொருந்தலாம். ஆனால் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டிலேயே ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விட, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் இடம் தருகிறது. காலையில் வீட்டு இட்லி, இரவில் ஒரு படுக்கை என்ற அளவில் நடத்தினால் செலவும் குறையும், வருமானமும் ஊருக்குள் நிற்கும்.

கடல் விழுங்கிவரும் கரையில் சுற்றுலா எதற்கு என்ற கேள்வி இன்னும் கனமானது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. 2004 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாட்டையும் மறக்க முடியாது. அதனால்தான் கரையில் புது கான்கிரீட் வேண்டாம் என்கிறோம். இருக்கிற வீட்டில் தங்கினால் புதிதாக அஸ்திவாரம் தோண்ட வேண்டியதில்லை. மீனவர் வலை உலர்த்தும் மணலும் அவர்களிடமே இருக்கும். அலையைத் தடுக்க வாடகைப் பணத்தால் ஆகாது. கவனிப்பாரற்று இடியும் சுவரையாவது அது தாங்கிப் பிடிக்கும்.