பின்கட்டு – 9: காபிச் சக்கையும் கல்தொட்டியும்

கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டில் காலை ஐந்தரை மணிக்கு ‘டொக், டொக்’ என்று இரண்டு சத்தம் கேட்கும். பித்தளை பில்டரின் மேல்பாத்திரத்தைக் கவிழ்த்துக் கல்லில் தட்டுகிற சத்தம். அடுப்படி தாண்டி, கிணற்றடி தாண்டி, பழைய மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் கல்தொட்டியின் விளிம்புதான் அந்தக் கல். நேற்றைய காபிச் சக்கை அடை மாதிரி வட்டமாக விழும். ஆச்சி அதை அப்படியே விட்டுவிட மாட்டார். விரலால் உதிர்த்து, தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் கோலப்பொடி தூவுகிற மாதிரி தூவுவார். மேலே ஒரு கை தேங்காய் நார்க்கழிவு. அதன்மேல் ஈரச் சாக்கு.

“நேத்து அந்த மூலை, இன்னைக்கு இந்த மூலை. அள்ளிக் கொட்டுனா ஆகாது தம்பி. எனக்கே டாக்டரு ரெண்டு டம்ளருக்கு மேல கூடாதுன்னுட்டாரு.”

சாக்கை விலக்கிக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் பட்டதும் நார்த்தூள் லேசாக அசைந்தது. கருஞ்சிவப்பாய், முதுகில் ஊதா மினுக்கோடு நாலைந்து புழுக்கள் விறுவிறுவென்று உள்ளே இறங்கின. முந்தின வாரம் போட்ட வாழைத்தோலில் காம்பு மட்டும் மிச்சம்.

போன எட்டு வாரங்களில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நடந்து, இப்போது வீட்டின் கடைசிக் கதவுக்கு வந்துவிட்டோம். செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு வளவோடு திரும்பிவிடுகிறார்கள். பின்கட்டுக்கு ஆள் வருவதில்லை. வீட்டின் வரவுசெலவு முன்கட்டில் நடந்தது என்றால், சாப்பாட்டின் வரவுசெலவு நடந்தது இங்கேதான்.

அந்தக் கணக்கில் அடுப்படிக் குப்பை என்று ஓர் இனமே கிடையாது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் கல்தொட்டிக்கு வந்து மாட்டுக்குக் கழனித் தண்ணீர் ஆயின. மாடு தொடாததைக் கோழி கிளறியது. கோழியும் விட்டதைச் சாணியோடும் அடுப்புச் சாம்பலோடும் குப்பைக்குழியில் தள்ளினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை குழியை வெட்டி வண்டியேற்றி வயலுக்கு அனுப்பினார்கள். மாடு போயிற்று, வண்டி போயிற்று. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பாதி வீடுகளில் காவலுக்கு ஒரு ஆள், அவருக்கு ஒரு அடுப்பு. அந்த அடுப்புக் குப்பை பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு வாசலுக்கு வருகிறது.

பேரூராட்சி வண்டி வருகிறது, மக்கும் குப்பையைத் தனியாகக் கேட்கிறது, வளம் மீட்புப் பூங்காவுக்குக் கொண்டுபோகிறது. குறை சொல்ல வரவில்லை. ஆனால் காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தோட்டமும் நிழலும் கிணறும் இருக்கிற வீட்டிலிருந்து தண்ணீரை டீசல் போட்டு இழுத்துப் போவானேன்? மாடு நின்ற இடம் சும்மாதானே கிடக்கிறது.

ஒரு விஷயத்தில் மாட்டைவிடப் புழு மேல். காபி இந்த வீடுகளுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. ஆ. இரா. வேங்கடாசலபதி தம் கட்டுரை நூலுக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்றே பெயர் வைத்தார். வந்த விருந்தாளி விட்டுப்போகும் சக்கையை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. புழு தின்னும்.

சக்கையில் அப்படி என்ன இருக்கிறது? நம் பில்டர் தூளில் பாதிக்குப் பாதி இல்லாவிட்டாலும் கணிசமாகச் சிக்கரி உண்டு. (காரைக்குடிக்காரரிடம் இந்தச் சொல்லைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டால், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவாகி 1953இல் திறக்கப்பட்ட ‘சிக்ரி’ ஆய்வகத்துக்கு வழி காட்டிவிடுவார்.) சிக்கரி காபியைவிட நன்றாகக் கரையும் சாமான். கள்ளிச்சொட்டாக டிகாஷன் இறங்கும்போதே அதில் பெரும்பங்கு இறங்கிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் காபிக்கொட்டைத் தூள். காய்ந்த நிலையில் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் தழைச்சத்து உண்டு. காபி புளிப்பாயிற்றே, புழுவுக்கு ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். புளிப்பில் பெரும்பகுதி டம்ளருக்குப் போய்விடுகிறது. சக்கை லேசான அமிலம், பல சமயம் அதுகூட இல்லை.

தூள் நைசு என்பது இன்னொரு வசதி. மண்புழுவுக்குப் பல் இல்லை. கோழிக்கு இருப்பது போல அரைவைப் பை ஒன்று இருக்கிறது. பொடி மணலை விழுங்கி அதை வைத்துத்தான் தீனியை அரைக்கும். அதற்காகவே ஆச்சி முட்டை ஓட்டைக் காயவைத்து அம்மியில் நுணுக்கிப் போடுகிறார். செட்டிநாட்டில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு அடித்துச் சுவருக்குப் பூசிப் பளபளப்பு ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. ஓட்டுக்கு இப்போதாவது ஒரு வேலை கிடைத்ததே.

இவ்வளவு நல்ல சரக்கு என்றால் ஒரு வாளி கொட்டினால் என்ன? கொட்டினேன். காரைக்குடியில் என் வீட்டு மொட்டைமாடிப் படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் புழு வளர்க்கத் தொடங்கிய புதிது. தெரிந்த காபிக்கடைக்காரர் ஒரு நாள் சக்கை முழுவதையும் பாசமாகக் கொடுத்தார். நானும் நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டு, பெரிய தர்மம் செய்தவன் மாதிரி தூங்கப் போனேன். மறுநாள் மாலை மூடியைத் திறந்தபோது மூடியின் உட்பக்கம் முழுக்கப் புழு. சுவரெல்லாம் ஏறி நின்றன. நடுவில் கை விட்டேன், வெந்நீர்ச் சூடு. அடியில் ஒரு புளித்த நாற்றம். இரண்டு நாளில் மேலே வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சு மாதிரி பூத்தது. அடியில் இருந்தவை வெளுத்து, நூலாகக் கரைந்துகொண்டிருந்தன. ஏறி நின்றவை மட்டும் பிழைத்தன.

நடந்தது இதுதான். தழைச்சத்து நிறைந்த ஈரத்தூளைக் குவித்தால் நுண்ணுயிர்கள் பாய்ந்து வேலை செய்யும், சூடு ஏறும். நைசான தூள் ஈரத்தோடு அமுங்கினால் காற்றும் புகாது. மண்புழு தோலால் மூச்சு விடுகிற பிராணி. அதன் மூக்கை நானே களிம்பு பூசி அடைத்திருக்கிறேன். பூஞ்சணம் இதில் குற்றவாளி இல்லை, அதைப் புழுவே பிறகு தின்றுவிடும். அளவுதான் குற்றம். இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு: தொட்டிக்குள் போகிற மொத்தத் தீனியில் காபிச் சக்கை கால் பங்குக்குக் கீழே. அதோடு அதே அளவுக்குக் குறையாமல் காய்ந்த இலையோ, கிழித்து நனைத்த அட்டைப்பெட்டியோ, நார்க்கழிவோ. சக்கை ஊறுகாய் மாதிரி. சோற்றுக்குப் பதில் ஊறுகாயைப் பிசைந்து போட்டால் யார்தான் தாங்குவார்கள்?

புழு நாம் போடுவதை நேரடியாகத் தின்கிறது என்று நினைப்பதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. பச்சைக் கத்தரிக்காய்க் காம்பு அதன் வாய்க்கு ஆகாது. காம்பு அழுகி இளகி, அதன்மேல் பூஞ்சணமும் பாக்டீரியாவும் படர்ந்த பிறகு, அந்தக் கூழைத்தான் உறிஞ்சுகிறது. ஆகவே நேற்றுப் போட்டது அப்படியே இருக்கிறதே என்று பதறி இன்றைக்கும் கொட்டக் கூடாது. ஒரு கிலோ புழு நாளுக்கு அரைக் கிலோ தின்னும் என்று பொதுவாகச் சொல்வார்கள். படுக்கை நன்றாக அமைந்து, வெயிலும் அடங்கியிருந்தால் சரி. கத்திரி வெயிலில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

வெங்காயம், பூண்டு போடவே கூடாது என்று எங்கும் ஒரு பேச்சு. சின்ன வெங்காயம் உரிக்காமல் விடிந்த நாள் செட்டிநாட்டில் உண்டா? இந்த வழக்கில் எனக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். சார்லஸ் டார்வின், சாவதற்கு முந்தின வருஷம், 1881இல் மண்புழுவைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். வீட்டுக்குள் மண்தொட்டிகளில் புழு வளர்த்து, ஒவ்வொரு தீனியாகப் போட்டு ருசி பார்க்க வைத்தவர். முட்டைக்கோஸ் பிடித்திருந்தது, கேரட் இலை இன்னும் பிடித்திருந்தது. மண்ணில் புதைத்த வெங்காயத் துண்டுகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தின்றன. புதினா மாதிரி வாசனைத் தழைகளில்தான் வாய் வைக்க யோசித்தன. ஆகவே வெங்காயச் சருகைத் தாராளமாகப் போடலாம். காய்ந்த சருகு மெதுவாக மக்கும், அவ்வளவே. பச்சை வெங்காயத்தையும் பூண்டையும் குவியலாகப் போட்டால் நாற்றம் வரும். அது புழுவின் புகாராக இருக்காது, பக்கத்து வீட்டின் புகாராக இருக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது மசாலாவுக்கு. உப்பு, எண்ணெய், மிளகாய் மூன்றும் அந்த ஈரத்தோலுக்கு ஆகாது. கறிக்குழம்பு மிச்சமும் எலும்பும் பெருச்சாளியைத் தாம்பூலம் வைத்து அழைக்கும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் கொஞ்சத்துக்கு மேல் ஆகாது. ஆச்சி இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: “தாளிக்கிறதுக்கு முந்தி உள்ளது புழுவுக்கு. தாளிச்ச பெறகு உள்ளது நமக்கு, மிஞ்சுனா வாசல்ல படுத்திருக்கிற நாய்க்கு.”

எந்தப் புழு என்ற கேள்விக்கு வருகிறேன். கடையில் பெரும்பாலும் விற்பது ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ், அல்லது குளிர்நாட்டுச் செம்புழுவான ஐசீனியா. இரண்டும் நன்றாகத் தின்னும். ஆனால் ஐசீனியாவுக்கு இருபது, இருபத்தைந்து டிகிரிதான் சுகம். சிவகங்கைச் சீமையில் மே மாதம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சென்னை புதுக்கல்லூரியில் இருந்து மண்புழு ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட சுல்தான் அகமது இஸ்மாயில் நம் மண்ணில் இருக்கும் புழுக்களை வைத்தே ஒரு முறையை வகுத்தார். மேலே சருகில் வாழும் பெரியோனிக்ஸ், மண்ணுக்குள் வளை போட்டு ஏறி இறங்கும் லாம்பிட்டோ என்று இரண்டு உள்ளூர் இனங்கள் அதில் சேர்ந்து உழைக்கும். ஆச்சி தொட்டியில் ஊதா மினுக்கோடு ஓடியது பெரியோனிக்ஸ்தான். நம் ஊர் வெக்கை அதற்குப் பழக்கம்.

அதை வாங்க வேண்டியதில்லை, வரவழைக்கலாம். மழை பெய்து ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகையில் தோட்டத்து ஓரத்திலோ ஊருணிக் கரையிலோ மண்ணின் மேல் சின்னச் சின்ன உருண்டையாகப் புழுக் கழிவு குவிந்திருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ வெல்லத்தையும் அரைக் கிலோ பசுஞ்சாணியையும் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர் அளவுக்குத் தெளிக்க வேண்டும். மேலே வைக்கோல், சாணி உருண்டைகள், அதற்கும் மேல் பழைய சாக்கு. ஈரம் காயாமல் மூன்று, நாலு வாரம் தண்ணீர் தெளித்துவந்தால் புழுக்கள் தாமே வந்து கூடும். இது இஸ்மாயில் சொல்லிக்கொடுத்த வழி. நான் செய்து பார்த்ததில் முதல் தடவை கட்டெறும்புதான் கூடியது. வெல்லம் கரையாமல் கட்டியாக விட்டிருந்தேன். இரண்டாவது தடவை ஒரு கை நிறையக் கிடைத்தது.

பெரிய அளவில் செய்ய நினைக்கிறவர்கள் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் குன்றக்குடிக்குப் போகலாம். மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம் அங்கேதான் இருக்கிறது. தவத்திரு குன்றக்குடி அடிகளார் ஆய்வகத்து அறிவியலைக் கிராமத்துத் தொழிலோடு கோத்துப் பார்த்த ஊர். மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்கியதும் புழுவைப் பற்றியும் கேட்டுவிட்டு வரலாம்.

வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. அடியில் தண்ணீர் வடியத் துளை வேண்டும். கல்தொட்டியில் கழுவிவிடுவதற்காக வைத்த துளை இருக்கும்; துணியை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் ஈரத்தின் அளவு. எறும்புக்குக் கொட்டகைத் தரையைச் சுற்றி மஞ்சள்பொடி தூவுகிறார் ஆச்சி. பலிக்கிறதோ இல்லையோ, பார்க்க மங்கலமாக இருக்கிறது. துளை வழியே வடியும் கருந்தண்ணீரை ‘வெர்மிவாஷ்’ என்று பாட்டிலில் பிடித்துச் செடிக்குத் தெளிக்கிறார்கள் சிலர். வெர்மிவாஷ் வேறு. கூழாங்கல், மணல், மண் என்று அடுக்கி, புழுவை விட்டு, மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறக்கி எடுப்பது அது. அழுகல் நீரை நேராக இலையில் தெளிக்காதீர்கள்.

இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை ஆச்சி தொட்டியில் தண்ணீர் விடுவதை நிறுத்துகிறார். நாலு நாள் கழித்து எல்லாவற்றையும் அள்ளி வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால், புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். மேலாக வழித்து எடுத்துச் சலித்தால் கருப்பாக, பொலபொலவென்று, பார்த்தால் அசல் காபித்தூள். மோந்து பார்த்தேன். மழை விழுந்த மண் வாசனை.

“கருவேப்பிலை மரத்துக்குப் போடுறேன். நீங்களும் ஒரு பை எடுத்துட்டுப் போறீகளா?”

வாங்கிக்கொண்டு வந்தேன்.

வரும் வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைக் கடந்தேன். ஒரு கடை வாசலில் அதே மாதிரி ஒற்றைக் கல்லில் குடைந்த தொட்டி. ஓட்டல்காரர்களும் பண்ணை வீட்டுக்காரர்களும் அல்லி வளர்க்க வாங்கிப் போகிறார்களாம், நல்ல விலையாம். ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை படைப்புக்கு வரும்போது கொட்டகையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பண்ணிக்கொள்ளுங்கள். கல்தொட்டியை மட்டும் விற்றுவிடாமல் வேப்பமர நிழலுக்கு நகர்த்திவிட்டு, காவலுக்கு இருப்பவரிடம் பில்டரை அதன் விளிம்பில் தட்டச் சொல்லிவிட்டுப் போங்கள்.