'தாய்' மொழிக்கு வந்த சோதனை

அஸ்ஸாம் என்றால் உங்களுக்கு டீத்தூளும் காண்டாமிருகமும் ஞாபகம் வரும். நான் பி.காம். எனக்கு நாம்ரூப் உரத் தொழிற்சாலை ஞாபகம் வரும். அந்த 'நாம்' என்றால் தண்ணீர் என்று அர்த்தம். அஸ்ஸாமி மொழியில் இல்லை சார், 'தாய்' மொழியில்! தாய்லாந்துக்காரர்கள் பேசுகிறார்களே, அந்தக் குடும்பம். (தாய்மொழி வேறு, 'தாய்' மொழி வேறு. இந்த அவஸ்தை தமிழனுக்கு மட்டும்தான்.)

1228-ல் சுகாபா என்ற இளவரசர் பர்மா பக்கமிருந்து பட்காய் மலையைத் தாண்டி வந்து அஹோம் ராஜ்யத்தை ஆரம்பித்தார். சுமார் 600 வருஷ ஆட்சி. 1671-ல் சராய்காட்டில் மொகலாயப் படையையே விரட்டியடித்த வம்சம். ஆனால் வீட்டுக்குள் தோற்றுவிட்டது. உள்ளூரில் பெண்ணெடுத்தார்கள், அரசவையில் அஸ்ஸாமி புகுந்தது. 19-ம் நூற்றாண்டு ஆரம்பத்திலேயே அஹோம் மொழியை வீட்டில் பேச ஆளில்லை. மிச்சம், பூசாரிகளிடம் இருந்த ஏட்டுச் சுவடிகள்.

ஏடு இருந்தால் போதாதா? போதாது. தாய் மொழிகளில் ராகம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். 'மா' என்றால் வா. இழுப்பை மாற்றினால் நாய். இன்னும் மாற்றினால் குதிரை. விருந்தாளியை வாசலில் நிறுத்தி வரவேற்கும்போது ஜாக்கிரதை! இந்த ராகத்தைப் பழைய அஹோம் எழுத்து காட்டாது. அது பேசுகிறவன் வாயில்தான் இருந்தது. வாய் போனதும் ராகமும் போச்சு. 2015-ல் அஹோம் எழுத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது. கம்ப்யூட்டருக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது.

ஆச்சரியம் என்னவென்றால், ராஜாவால் முடியாததைக் குடியானவர்கள் செய்திருக்கிறார்கள். திப்ருகட் மாவட்டத்தில், நஹர்கட்டியா பக்கம், புரி திஹிங் ஆற்றங்கரையில் நாம்பாகே கிராமம். 1850-ல் வந்த புத்த மடம், கால் நட்டு உயர்த்திய வீடுகள். தாய் பாகே பேசுபவர்கள் எல்லா ஊரும் சேர்த்து இரண்டாயிரம் பேர் அளவில்தான். நம்ம ஊர் கல்யாண மண்டபம் இரண்டில் அடக்கிவிடலாம். பாங்காக்கில் சாப்பிடுவதற்கு 'கின் காவ்' என்கிறார்களே, இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். சில ஊர்களில் நெருங்கி வாழ்ந்ததும், மடத்தில் ஏடு படித்ததும் காப்பாற்றியிருக்க வேண்டும். படையோ கஜானாவோ அல்ல.

ஆனால் பள்ளிக்கூடம் அஸ்ஸாமியில், உத்தியோகம் இங்கிலீஷில். பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சம்பளக் கவரில் பாகே எழுத்து இருக்காதே!

பக்கத்து தின்சுகியா மாவட்டத்தில் பவாய்முக் கிராமம். அங்கே இன்னொரு தாய் மொழி, கம்யாங். ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது பேசத் தெரிந்தவர்கள் ஐம்பது பேர் அளவில். பெரிசுகள் தங்களுக்குள் கம்யாங் பேசிக்கொள்கிறார்கள். இளசுகள் பேசுவது அஸ்ஸாமி.