கேட்ச்-அப் தொலைக்காட்சியும் பஃபரிங் தடங்கலும்

கேட்ச்-அப் தொலைக்காட்சி என்பது, ஒளிபரப்பான நேரத்தில் பார்க்கத் தவறிய நிகழ்ச்சியைப் பின்னர் இணையத்தின் வழியே பார்க்க உதவும் சேவையாகும். பிரித்தானியாவின் பிபிசி ஐபிளேயர், ஐடிவிஎக்ஸ் ஆகியவை இவ்வகைச் சேவைகள். இவற்றில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது படம் நின்று, திரையில் வட்டம் சுழல்வது பஃபரிங் எனப்படும். பலர் இதற்கு இணைய வேகம் போதாததே காரணம் எனக் கருதி, கூடுதல் கட்டணம் செலுத்தி வேகமான இணைப்புக்கு மாறுகின்றனர். ஆனால் குறை வீட்டுக்குள் இருந்தால் அந்தச் செலவு பயன் தராது.

வரலாறு

சேனல் 4 நிறுவனம் 2006 நவம்பரில் 4ஓடி என்னும் சேவையைத் தொடங்கியது. பிபிசி ஐபிளேயர் 2007 டிசம்பர் 25 அன்று முறையாக அறிமுகமானது. அப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஒளிபரப்புக்குப் பின் 7 நாள்கள் மட்டுமே கிடைத்தன. 2014இல் இக்காலம் 30 நாள்களாக நீண்டது. 2019இல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் ஒப்புதல் அளித்தபின், பல நிகழ்ச்சிகள் ஓராண்டு வரை கிடைக்கின்றன. 2016 செப்டம்பர் 1 முதல் ஐபிளேயரில் பிபிசி நிகழ்ச்சிகளைப் பார்க்கத் தொலைக்காட்சி உரிமம் கட்டாயமாகும்.

செயல்படும் முறை

இணையத்தில் வரும் நிகழ்ச்சி முழுதும் ஒரே கோப்பாக வருவதில்லை. சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. வந்த துண்டுகள் கருவியின் தற்காலிகச் சேமிப்பில் தங்கி, பின்னர் திரைக்குச் செல்கின்றன. இச்சேமிப்பே பஃபர். இதை வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ஒப்பிடலாம். நீர் வரத்தைவிடச் செலவு மிகுந்தால் தொட்டி வறண்டுவிடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு காணொளிக்கு நொடிக்கு 5 மெகாபிட் தேவை, ஆனால் 4 மெகாபிட் மட்டுமே வருகிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு நொடியும் 0.8 நொடிக்கான படமே வந்து சேரும், 0.2 நொடி சேமிப்பிலிருந்து குறையும். சேமிப்பில் 30 நொடிப் படம் இருந்தால், அது 150 நொடிகளில் தீர்ந்துவிடும். தொடக்கத்தில் நன்றாக ஓடும் நிகழ்ச்சி இரண்டரை நிமிடத்தில் நின்றுவிடுவது இதனால்தான்.

இதைத் தவிர்க்க, ஒரே நிகழ்ச்சி பல தரங்களில் வைக்கப்படுகிறது. வேகம் குறைந்தால் இயக்கி தானே குறைந்த தரத்துக்கு மாறும். படம் திடீரென மங்கலாவதற்கு இதுவே காரணம். இம்முறைக்கான எம்பெக்-டாஷ் தரநிலை 2012இல் வெளியானது. நேரலையில் அடுத்த காட்சி இன்னும் நடந்திராததால் முன்கூட்டிச் சேமிக்க இயலாது, கேட்ச்-அப்பில் இயலும்.

பொதுவான காரணங்கள்

• வைஃபை தொலைவு: திசைவிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே தடித்த சுவர்கள் இருந்தால் வேகம் குறையும்.
• அலைவரிசை நெரிசல்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவாகச் செல்லும். ஆனால் அண்டை வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இயங்குவதால் இடையூறு மிகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. எட்டும் தொலைவு குறைவு.
• பகிர்வு: ஒரே இணைப்பில் பலர் பார்ப்பதும் பெரிய கோப்புகளைப் பதிவிறக்குவதும்.
• பழைய கருவி: புதுப்பிக்கப்படாத செயலி அல்லது நினைவகம் நிறைந்த தொலைக்காட்சி.
• சேவை வழங்குவோர் பக்கத்துக் கோளாறு.

காரணத்தைக் கண்டறிதல்

1. அதே நிகழ்ச்சியை அதே வைஃபையில், தொலைக்காட்சியின் அருகில் வைத்து, வேறொரு கருவியில் பார்க்க வேண்டும். அதில் தடையின்றி ஓடினால் குறை பெரும்பாலும் முதல் கருவியில் உள்ளது.
2. இரண்டிலும் நின்றால், வேறொரு சேவையின் காணொளியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது நன்றாக ஓடினால் முதல் சேவையில் கோளாறு இருக்கலாம். சிறிது நேரம் பொறுப்பதே வழி.
3. எல்லாமே நின்றால், திசைவியைக் கம்பி மூலம் கருவியுடன் இணைக்க வேண்டும். தடங்கல் நீங்கினால் குறை வைஃபையில்தான். திசைவியைத் திறந்த, உயரமான இடத்துக்கு மாற்றலாம்.
4. கம்பியிலும் தடங்கல் இருந்தால், திசைவியை அணைத்து மீண்டும் இயக்கி, காலையிலும் இரவிலும் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இரவில் மட்டும் குறைந்தால் அது நெரிசல் நேரச் சிக்கலாக இருக்கலாம். இக்குறிப்புகளுடன் இணைய நிறுவனத்தில் முறையிடலாம்.

வேகத்தைப் படிக்கும்போது பிட், பைட் வேறுபாட்டை மறக்கக்கூடாது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பில் அதிகபட்சம் 5 மெகாபைட்டே வரும்.

உடனடி வழிகள்

படத்தை நிறுத்தி வைத்தால் சேமிப்பு ஓரளவு நிரம்பும். ஆனால் பல இயக்கிகள் ஒரு வரம்புக்கு மேல் சேமிப்பதில்லை. எனவே நீண்ட நேரம் காத்திருப்பதில் பயனில்லை. தர அமைப்பு இருந்தால் அதைக் குறைக்கலாம். ஐபிளேயரின் கைப்பேசிச் செயலியில் பல நிகழ்ச்சிகளை முன்னரே பதிவிறக்கிக்கொண்டு, இணைப்பின்றிப் பார்க்கலாம். நிகழ்ச்சி நீக்கப்படும் நாள் நெருங்கினால், கடைசி இரவு வரை காத்திராமல் முன்னதாகவே பார்த்துவிடுவது நல்லது.